பித்தளைக் கழுகின் உச்சந்தலை

"அந்தக் கழுகு வசனத்த நீங்கதான் வாசிக்கணும். வேற யாரும் வாசிக்கக் கூடாது. முன்னாடி போய் நின்னு வாசிக்கணும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி மனைவி இதைச் சொன்னபோது லாரிக்காரர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய அடக்க ஆராதனையைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

"சரி, சரி. முதல்ல இந்தச் சுளையத் தின்னு."

எந்த வசனம் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் போகப்போவதற்குத் தானும் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். தவிர, அவரைப் பொறுத்தவரை பைபிளில் கழுகைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. காத்திருப்பவர்கள் புதுத் தெம்பு பெற்றுக் கழுகு மாதிரி மேலே எழும்புவார்கள் என்பது. வீட்டுக் காலண்டரில் வருஷம் தவறாமல் அது தொங்கும். நீல வானம், பனிமலை, விறைப்பாக ஒரு பறவை.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

ஊரில் அவருக்கே பெயர் கழுகுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. நகராட்சியில் செத்த விலங்குகளை அள்ளுகிற லாரியை ஓட்டுவது அவர் வேலை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடு, பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு நாய், சாக்கடையில் விழுந்த குதிரை என்று தகவல் வரும். போவார். முதலில் தார்ப்பாயை விரித்து மறைப்பார், போகிற வருகிற பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று. பிறகு குனிந்து அந்த ஜீவனின் நெற்றியில் உள்ளங்கையை வைப்பார். ஒரு மூச்சு நேரம். அப்புறம்தான் கயிறு, கொக்கி, லாரியின் பின்பக்கம் இருக்கும் இழுவை இயந்திரம் எல்லாம்.

நெற்றியில் கை வைக்கிற பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செத்துவிட்டது என்று தூக்கிய ஒரு நாய் அவர் கையை நன்றாகப் பதம் பார்த்துவிட்டது. ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடும் அறைக்கு எதிரில் சலவைக்கூடம். வாசலில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண், வரிசையில் நின்றவர்கள் சிரிப்பதைக் கேட்டு விஷயத்தை விசாரித்தாள்.

"செத்த நாய் கடிச்ச ஒரே ஆளு நீங்கதானா?"

"சிரிங்க, சிரிங்க. வலிக்கிறது எனக்கு."

"நாய் என்னாச்சு?"

"எந்திரிச்சு ஓடிருச்சு. சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து படுத்திருக்கு."

"அப்ப உங்க கை பட்டா செத்ததுகூட எந்திரிக்கும்னு சொல்லுங்க!"

அந்தக் கேலியில் மனிதர் விழுந்துவிட்டார்; நெற்றியில் கை வைப்பதும் அதற்குப் பிறகுதான். நாய்க்கு அப்புறம் வீட்டுக்கு வந்தவள் அவள்தான் என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் கையில் எப்போதும் வெளுக்கும் பொடியின் நெடி இருக்கும், அவர் உடம்பில் மற்ற நெடி. வேலை முடிந்ததும் செத்ததைக் கொண்டுபோய்ப் போடுகிற மேட்டிலேயே ஒரு குளியல், வீட்டில் இன்னொரு குளியல், கார்பாலிக் சோப்புத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெளிறிப்போயும், அது போவேனா என்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மெல்ல அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். அந்த வாரத்திலிருந்து லாரிக்காரரின் இடம் ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. அவளுக்கோ முன்வரிசையில் இடம் இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவள். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு இங்க?"

"ஜன்னல் காத்து நல்லா வருது."

கோவிலின் முன்பக்கம், பீடத்துக்கு இடதுபுறம், பித்தளையில் வார்த்த ஒரு கழுகு நின்றது. விரித்த சிறகுகளின் மேல் பெரிய பைபிளைச் சுமந்துகொண்டு, அலகைச் சபையின் பக்கம் நீட்டிக்கொண்டு. அதன் பின்னால் நின்றுதான் வாசிப்பார்கள். சனிக்கிழமைதோறும் அதைத் துலக்குவது அவள் பொறுப்பு. எலுமிச்சைத் தோல், சாம்பல், பழைய ஆஸ்பத்திரித் துணி. அவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருப்பார். உள்ளே போய் அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் அலகும் நெஞ்சும் மினுமினுவென்று தெரியும். சுத்தமான பறவை. ராஜா மாதிரி. தனக்கும் அதற்கும் பட்டப்பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

பிணவறையில் அவளைக் காட்டியபோது, அவர் தன்னையறியாமல் குனிந்து நெற்றியில் கையை வைத்தார். நோய்க்கு மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போன தலை. ஒரு மூச்சு நேரம் என்பது அன்று நீண்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர், வெளியூர் வேலையிலிருந்து ஓடிவந்த மகள், போதகர், மனைவியின் அண்ணன், அதாவது மச்சான். மச்சான் சபையில் பெரிய பொறுப்பில் இருந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் பிள்ளைகள் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது யாரென்று கேட்டால் தங்கச்சி முழிப்பாள்.

"நாளைக்கு மூணு மணி. ஏசாயா நாப்பதாம் அதிகாரம்னு அச்சுக்குக் குடுத்தாச்சு" என்றார் மச்சான். "மாப்ள, நீங்க எதுக்குச் சிரமப்படணும்? நானே வாசிச்சுடறேன்."

"அவ என்னத்தான் வாசிக்கச் சொன்னா மச்சான்."

"சொல்லுவா. அவ என்னதான் சொல்லல? உங்களுக்குத் தொண்டை அடைச்சுக்கும். அத்தன பேரு முன்னாடி..." மீதியை மச்சான் விழுங்கினார். விழுங்கியது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னலோரக் கடைசி பெஞ்சைத் தாண்டி அவர் பல வருஷமாக முன்னால் போனதில்லை.

"மாமா, அம்மாவுக்கு அந்தக் காலண்டர் மேல அவ்வளவு பிரியம் கிடையாது" என்றாள் மகள்.

"வேத வசனத்து மேலயா பிரியம் கிடையாது?"

"வசனத்து மேல இல்ல. அந்தப் படத்து மேல. 'சலூன்ல இருந்து நேரா வந்து நிக்கிற மாதிரி இருக்கு பாரு'ன்னு சொல்லுவாங்க."

போதகர் சிரிப்பை அடக்கத் தேநீரை வாயில் வைத்தார். அவர் சாது.

"அப்ப அம்மா சொன்னது வேற வசனமா இருக்குமோ?" என்றாள் மகள். கைபேசியை எடுத்துத் தேடினாள். கொஞ்ச நேரம் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். "அப்பா, ஒண்ணு ரெண்டு இல்ல. ஒரு கூட்டமே இருக்கு."

லாரிக்காரர் நிமிர்ந்தார். "கூட்டமா?"

"அடிமையா இருந்த ஜனங்கள, 'கழுகு சிறகு மேல வச்சுத் தூக்கிட்டு வந்தேன்'னு கடவுள் சொல்றாரு. இது ஒண்ணு."

"நல்ல வசனம்" என்றார் போதகர்.

"கட்டுன கூட்டக் கலைச்சு, குஞ்சுங்க மேல அசைவாடி, சிறக விரிச்சு ஏந்திக்கிற கழுகு. இது ஒண்ணு. அம்மா என்ன வெளியூருக்கு அனுப்புனப்ப இதத்தான் சொன்னாங்க. நான் அழுதுக்கிட்டே பஸ் ஏறினேன்." குரல் தடுமாறியதும் வேகமாக அடுத்ததற்குத் தாவினாள். "வயசு கழுகு மாதிரி திரும்பப் புதுசாகும். சங்கீதம்."

"ஆ, அதுதான்!" மச்சான் நாற்காலியில் முன்னால் வந்தார். "கழுகு வயசானா மலைக்குப் போகும். அலகப் பாறையில அடிச்சு உடைச்சுக்கும். புது அலகு முளைக்கும். எத்தன பிறந்தநாள் ஜெபத்துல சொல்லியிருக்கேன்!"

"அலக உடைச்சுக்கிட்டா அதுவரைக்கும் எத வச்சுச் சாப்பிடும்னு அம்மா கேட்டாங்களே மாமா, ஞாபகம் இருக்கா?"

"கேட்டா. எல்லார் முன்னாடியும் கேட்டா." மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர்.

மகள் மெதுவாக மற்றவற்றைச் சொன்னாள். வானத்தில் கழுகு போகும் வழி தனக்கு விளங்கவில்லை என்று ஒரு ஞானி வியந்திருக்கிறார். கடவுளின் சிங்காசனத்தைச் சுற்றி நிற்கிற ஜீவன்களில் ஒன்றுக்குக் கழுகு முகம். தூர தேசத்துப் படை கழுகு பாய்கிற மாதிரி வந்து விழும் என்று ஒரு எச்சரிக்கை. பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள் கூடும் என்று இயேசுவே சொன்னது.

"அது நம்ம மேட்டுக் கழுகு" என்றார் லாரிக்காரர் சட்டென்று.

"என்ன மாப்ள?"

"பிணத்துக்குக் கூடுறது. அது காலண்டர்க் கழுகு இல்ல. மேட்டுல இருக்கிறதாக்கும்."

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் மகள். தயங்கினாள். "தீர்க்கதரிசி ஒரு தாய்கிட்ட சொல்ற மாதிரி. உன் பிள்ளைங்களுக்காகத் தலையச் சிரைச்சுக்க, கழுகு மாதிரி முழு மொட்டை ஆகிக்கன்னு."

அடுப்பில் பாத்திரம் முணுமுணுத்தது. முடி கொத்தாகக் கையோடு வந்த நாளில் அவள் கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது அவருக்கு நினைவு வந்தது. "என்னங்க, இங்க வாங்க. இப்பத்தான் நான் உங்க கூட்டத்துல முழுசா சேர்ந்திருக்கேன்" என்றாள் அன்று. அவர் அழுதார். அவள் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"அவ எதச் சொன்னான்னு நான் கேக்காம விட்டுட்டேனே" என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தேன்." பிறகு போதகரைப் பார்த்தார். "கடைசியா அவ கேட்டது அது ஒண்ணுதான் ஐயா. அதையும் தப்பா வாசிச்சு அனுப்பிட்டா?"

போதகர் அவர் கையைப் பிடித்தார். "எதுன்னு எனக்கும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்குத் தைரியமும் இல்ல. உங்கள வாசிக்கச் சொன்னாங்க. நீங்களே எடுங்க. அச்சடிச்ச தாளப் பத்திக் கவலப்படாதீங்க."

மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தவரை மகள் வாசலில் மறித்தாள்.

"அம்மாவ வச்சுக்கிட்டு வேலைக்கா?"

"வேலைக்கு வேற ஆளு போயிருக்கு. நான் மேட்டுக்குப் போறேன். சும்மா பார்க்கணும்."

"நானும் வரேன்."

அவளை அவர் ஒருநாளும் அங்கே அழைத்துப் போனதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் அதே முகவாய், அதே பிடிவாதம். "பின்னாடி உக்காரு. மூக்குக்குத் துணி எடுத்துக்க."

மேடு என்பது ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்லுக்குழி. ஒரு பக்கம் வெட்டிய பாறை செங்குத்தாக நின்றது. அடியில் தட்டையான பாறைத்தளம். அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். தோல் எடுப்பவர் தோலை எடுத்துக்கொண்டு போனதும் மீதி பறவைகளுக்கு. ஓரத்தில் மழைநீர் தேங்கிய ஒரு குளம். பைபிளிலும் ஊர்ப்பேச்சிலும் காலண்டர்ப் பறவைக்கும் மேட்டுப் பறவைக்கும் கழுகு என்று ஒரே பெயர்தான். ஆனால் இங்கே இருந்தவை சிலைக்கு நின்ற பறவைகள் இல்லை. மொட்டைத் தலை, சுருங்கிய கழுத்து, தோளில் அழுக்குப் போர்வை மாதிரி இறகு. பாறை விளிம்புகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் பாதி, சிறகுகளை முழுக்க விரித்து இளவெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

விடியற்காலையில் ஒரு மாடு வந்திருந்தது. வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. வெள்ளை விலா எலும்புகளின் நடுவே இரண்டு பறவைகள் கழுத்தை விட்டுக்கொண்டிருந்தன.

மகள் துணியை மூக்கில் அழுத்திக்கொண்டாள். "அம்மா இங்க வந்திருக்காங்களா?"

"ஒரு தடவ. நோவு வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடி."

இதே பாறையில்தான் அன்று அவளை உட்காரவைத்தார். 'இத்தன வருஷமா பித்தளையத் தேய்க்கிறேன், நிஜத்த ஒருநாள் கண்ணுல காட்டுங்க' என்று நச்சரித்து வந்தவள். வந்ததும் அவளும் முந்தானையால் மூக்கை மூடினாள். கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கிவிட்டது. வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தின்று முடித்த பறவைகள் குளத்தில் இறங்கி, முங்கி, சிறகடித்து, பொறுமையாகக் குளித்தன. "உங்கள மாதிரியேங்க!" என்று அவர் தொடையில் அடித்தாள். பிறகு அவை மேலே போய்ச் சிறகைக் காயவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தன.

"ஏன் பறக்க மாட்டேங்குது?"

"வெயில் ஏறணும். பாறை சூடாகணும். சூடானா காத்து மேல எழும்பும். அதுவரைக்கும் அது உக்காந்தேதான் இருக்கும். இவ்வளவு கனத்தத் தானா தூக்கிட்டுப் போக அதால முடியாது."

காத்திருந்தார்கள். ஒரு பறவை விளிம்பிலிருந்து சாய்ந்தது. விழுகிறது என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். அது சிறகை ஒருமுறைகூட அடிக்கவில்லை. விரித்தது விரித்தபடி வட்டமிட்டது. வட்டம் பெரிதாகியது, உயர்ந்தது, பறவை கையளவாகி, நகத்தளவாகி, வெளிச்சத்தில் கரைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. பாறையில் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வானத்துக்குள் போயின.

அவள் நெடுநேரம் தலையைத் தாழ்த்தவில்லை. கழுத்து வலித்திருக்கும். "அது சிறகே அடிக்கலைங்க. யாரோ தூக்குறாங்க" என்றாள். இறங்கி வரும்போது இன்னொன்றும் சொன்னாள். "படைச்சவருக்கு இதப் பார்த்தாப் பெருமையா இருக்கும்."

"இந்தப் பிணந்தின்னியப் பார்த்தா?"

"ஆமா. நீங்க என்னத்தக் கண்டீங்க?"

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவளுக்குக் கோவிலில் நேரம் பிடித்தது. படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் உள்ளே குரல் கொடுப்பார். "அந்தச் சின்னப் பறவையத் துலக்க இவ்வளவு நேரமா?" "தலையில அழுக்கு நிறைய இருக்குங்க!" என்று பதில் வரும்.

இதையெல்லாம் அவர் விட்டு விட்டு மகளிடம் சொன்னார். அவள் பாறையில் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். மேலே, கைக்கு எட்டாத ஒரு பொந்தில் குச்சிக் குவியல் தெரிந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒற்றைக் குஞ்சு. கீழே இருந்து ஒரு பறவை கனத்த வயிறோடு தத்தித் தத்திப் பாறை மேல் ஏறி, அங்கிருந்து எழும்பிக் கூட்டுக்குப் போனது. கழுத்தெல்லாம் சிவப்பு. குஞ்சு அதன் அலகுக்குள் தலையை விட்டது.

மகள் கைபேசியில் நேற்றுத் தேடியதை மறுபடி எடுத்திருந்தாள். மேலேயும் பார்த்தாள், கையிலும் பார்த்தாள். "அப்பா... நேத்து ஒண்ண நான் விட்டுட்டேன். மாமா முன்னாடி வாசிக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

"வாசி."

அவள் மெல்ல வாசித்தாள். கழுகு உயர எழும்புவதும் எட்டாத உச்சியில் கூடு கட்டுவதும் உன் கட்டளையாலா என்று ஒரு கேள்வி. அது கன்மலையில் குடியிருக்கிறது. செங்குத்துப் பாறையே அதன் கோட்டை. அங்கிருந்து இரையைத் தேடும், அதன் கண்ணுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. அதன் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சும். பிணம் விழுந்த இடத்தில் அது இருக்கும்.

லாரிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ."

வாசித்தாள்.

"இது யாரு சொல்றது?"

"கடவுள்ப்பா. புயலுக்குள்ள இருந்து பேசுறாரு."

"யாருகிட்ட?"

"யோபுகிட்ட. பெத்த பிள்ளைங்க, சொத்து, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பல்ல உக்காந்திருக்கிறவருகிட்ட. ஏன் எனக்கு இப்படி ஆச்சுன்னு அவரு கேக்குறாரு."

"அதுக்குப் பதில் இதா?"

"பதில்னு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கடல், நட்சத்திரம், சிங்கம், குதிரைன்னு ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டே வருவாரு. அந்தப் பேச்சு முடியுறப்ப இதக் காட்டுறாரு."

"இரத்தம், பிணம் எல்லாத்தோடயுமா?"

"எல்லாத்தோடயும்."

"குறையாச் சொல்றாரா, அசிங்கம்னு?"

மகள் மேலே கூட்டைப் பார்த்தாள். துணி எப்போதோ மடியில் விழுந்திருந்தது. "இல்லப்பா. பாரு, நான் செஞ்சத பாருன்னு சொல்ற மாதிரி இருக்கு. பெருமையா."

பெருமையா. அந்தச் சொல் அவருக்குள் போய் எங்கேயோ இடித்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். எத்தனை நெற்றிகளைத் தொட்ட கை. கழுவிக் கழுவி வெளுத்த கை. வெயில் உறைத்தது. பாறை சுட ஆரம்பித்தது. விளிம்பில் ஒரு பறவை சாய்ந்து, விழுவது போல் விழுந்து, விழாமல், அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டு பேரும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சொன்னது இதத்தானாப்பா?"

"தெரியலம்மா" என்றார். "போய்க் கேக்க முடியாது. ஆனா இத வாசிச்சா அவ ஏன்னு கேக்க மாட்டா."

மூன்று மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. பெட்டி முன்னால். அவரும் மகளும் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மகளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள்.

மச்சான் வந்து குனிந்தார். "மாப்ள, ஏசாயாவத் திறந்து ரிப்பன் போட்டு வச்சிருக்கேன். முடியலன்னா ஒரு பார்வை பாருங்க. நான் வந்துடறேன்." கேலி இல்லை, நிஜமான அக்கறை. லாரிக்காரர் தலையாட்டினார்.

அவர் முறை வந்தது. எழுந்தார். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் போகும் வழி, லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு தூரமா? ஆனால் அன்று அது நீண்டுகொண்டே போனது. இருபக்கமும் முகங்கள். யாராவது கைக்குட்டையை எடுக்கிறார்களா என்று பார்க்கக் கூடாது என்றே பெட்டியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பீடத்தைச் சுற்றிப் போய்ப் பித்தளைக் கழுகின் பின்னால் நின்றார்.

நின்றவர் வாசிக்கவில்லை.

சபையிலிருந்து பார்த்தால் தெரியாதது அங்கே நின்றால் தெரிந்தது. விரித்த சிறகுகளில் ஒவ்வொரு இறகும் கோடு கோடாக, வார்த்தபடியே இருந்தது. கழுத்து வரைக்கும் அப்படித்தான். கழுத்துக்கு மேலே, உச்சந்தலையில், ஒரு கோடு இல்லை. இறகு இறகாகச் செதுக்கியிருந்த இடம் தேய்ந்து தேய்ந்து மழுமழுவென்று, முட்டை ஓடு மாதிரி ஆகியிருந்தது. எத்தனை சனிக்கிழமை. எவ்வளவு சாம்பல். முன்பக்கம் நெற்றி வரைக்கும் இறகை விட்டுவைத்திருந்தாள், அண்ணன் கண்ணில் படாமல் இருக்க. வாசிக்க வந்தவர்கள் எல்லாம் புத்தகத்தைப் பார்த்திருப்பார்கள். பறவையின் பின்மண்டையை யார் பார்த்தார்கள்? சலூன் கழுகை மேட்டுக் கழுகாக ஆக்கி, அதன் முதுகில் வேதத்தை ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அழுகை வருகிறது என்று நினைத்தார். சிரிப்பு. சபை முன்னால் சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்தார். மச்சான் பாதி எழுந்துவிட்டார். லாரிக்காரர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ரிப்பன் வைத்த இடத்திலிருந்து பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கினார். கனத்த தாள்கள் ஒவ்வொன்றாகப் புரள்கிற சத்தம் கோவிலெங்கும் கேட்டது. கையில் அச்சடித்த தாளை வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்டுபிடித்தார். வாசித்தார். குரல் முதல் வரியில் கரகரத்தது, இரண்டாவதில் தேறியது. உயரத்தையும் கூட்டையும் வாசித்தபோது சபை இதமாகக் கேட்டது. இரத்தத்துக்கு வந்தபோது சில தலைகள் நிமிர்ந்தன. பிணம் என்ற சொல்லை அவர் மெதுவாக, அழுத்தி, மறைக்காமல் வாசித்தார். அந்தப் பெட்டியின் முன்னால் நின்று அதைச் சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் அங்கே யாருமில்லை என்பது போல இருந்தது. பிணம் விழுந்த இடத்தில் அது இருக்கும். அவர் இருந்தார். வேலை தொடங்கின நாளிலிருந்து அந்த இடத்தில்தான் இருந்தார். அங்கே இருப்பதை ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு, புயலுக்குள்ளிருந்து, பெருமையாகப் பேசியிருக்கிறார் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது. ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

வாசித்து முடித்ததும் சம்பிரதாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டார். புத்தகத்தை மூடவும் இல்லை. குனிந்து, பித்தளைக் கழுகின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் பீடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கை வைத்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறவரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மச்சான்கூட.